அரங்கும் அரசும்: மேயர்ஹோல்டின் கலைவாழ்வு



கவிஞன் மறைந்த பின்னரும் அவன் எழுதிய சொல் ஏட்டில் நிற்கும். ஏட்டை எரித்துவிட்டாலும் மனப்பாடம் செய்தவர் நெஞ்சில் நிற்கும். நாடக இயக்குநருக்கு அந்த வாய்ப்பு இல்லை. திரை விழுந்ததும் அவர் படைப்பு முடிந்துவிடுகிறது. மறுநாள் மாலை அதே நடிகர்கள் அதே மேடையில் அதே நாடகத்தை நடித்தாலும் அது வேறொரு நிகழ்ச்சியே ஆகும். அவ்வாறிருக்க, 1938இல் தம் அரங்கை இழந்து, 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டு, அதன்பின் பதினைந்து ஆண்டுகள் தம் நாட்டில் பெயர் சொல்லவும் அஞ்சப்பட்ட ஓர் இயக்குநர், இன்றும் உலக அரங்கியல் நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறார். அவரே சோவியத்து இயக்குநர் விசெவலோத் மேயர்ஹோல்ட்.

கவிஞர்கள் கூடியிருக்கும் இவ்வவையில் அவரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அவருடைய அரங்கம் கவிஞர்களின் துணையோடு வளர்ந்தது. அலெக்சாந்தர் பிளாக், மாயகோவ்ஸ்கி, பாஸ்டர்நாக் ஆகியோரைத் தவிர்த்து அவர் வரலாற்றை எழுத இயலாது. மற்றொன்று, கலைஞனுக்கும் ஆட்சிக்கும் இடையிலான உறவு எங்கே தொடங்கி எங்கே முடியக்கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு கடுமையான சான்று. புரட்சிக் கலைஞர் என்று அவரை ஒரு சாரார் போற்றுவர். பலியாடு என்று மற்றொரு சாரார் இரங்குவர். இவ்விரு சொற்களில் எதுவும் அவரை முழுமையாகக் காட்டாது. அவர் வாழ்வை வரிசைப்படக் கண்டால் இது விளங்கும்.

பெயர் மாற்றமும் முதல் மேடையும்

மேயர்ஹோல்ட் 1874ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் உருசியாவின் பென்சா நகரில் பிறந்தார். குடும்பம் ஜெர்மானியக் குடும்பம். சமயம் லூத்தரன் கிறித்தவம். தந்தையார் மது வடிப்பாலை உரிமையாளர். பெற்றோர் இட்ட பெயர் கார்ல் கசிமிர் தியோடர். தம் இருபத்தோராம் வயதில் அவர் உருசிய வைதிகத் திருச்சபையில் சேர்ந்து, உருசியக் குடியுரிமையும் ஏற்று, விசெவலோத் என்னும் பெயரைத் தாமே சூடிக்கொண்டார். தமக்குப் பிடித்த எழுத்தாளரான விசெவலோத் கார்ஷினின் பெயர் அது. பிறந்த அடையாளத்தைக் கழற்றிவிட்டு இலக்கியத்திலிருந்து ஓர் அடையாளத்தை எடுத்துப் பூண்ட இச்செயலில், பிற்கால மேயர்ஹோல்டின் சாயல் முன்னரே தெரிகிறது.

மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சென்றவர், 1896இல் அதனைக் கைவிட்டு நெமிரோவிச்-தான்சென்கோவின் நாடக வகுப்பில் சேர்ந்தார். 1898இல் அவ்வாசிரியரும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் இணைந்து மாஸ்கோக் கலை அரங்கினைத் தொடங்கியபோது அதன் முதல் நடிகர் குழுவில் இடம்பெற்றார். அவ்வாண்டு மேடையேறிய செகாவின் 'கடற்பறவை' நாடகத்தில் திரெப்லெவ் வேடம் அவருக்குக் கிடைத்தது. திரெப்லெவ், பழைய நாடக மரபை வெறுத்துப் புதிய வடிவங்களுக்காக ஏங்கும் இளம் எழுத்தாளன். அவ்வேடத்தை ஏற்றவர் தம் வாழ்நாள் முழுவதும் அதே ஏக்கத்தோடு வாழ்ந்தார். செகாவ் அவரை விரும்பினார். இருவருக்கும் கடிதத் தொடர்பும் இருந்தது.

கலை அரங்கின் நெறி, வாழ்க்கையை உள்ளபடி மேடையில் காட்டுவது. சில்வண்டின் ஒலி, தேநீர்ப் பாத்திரத்தின் ஆவி என நுண்விவரங்கள் யாவும் அங்கே இடம்பெற்றன. மேயர்ஹோல்டுக்கு இது நிறைவளிக்கவில்லை. வாழ்க்கை வெளியே இருக்கும்போது அதன் நகல் உள்ளே எதற்கு என்பது அவர் ஐயம். 1902இல் அரங்கம் பங்குதாரர் அமைப்பாக மாற்றப்பட்டபோது அவர் சேர்க்கப்படவில்லை. வெளியேறி, கெர்சோன் நகரில் சொந்தக் குழு அமைத்தார். 1905இல் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே அவரை மீண்டும் அழைத்துத் தம் செலவில் ஓர் ஆய்வரங்கினை ஒப்படைத்தார். மேட்டர்லிங்கின் நாடகத்தை அசைவு குறைந்த சிற்பக் காட்சிகளைப் போல அங்கே ஒத்திகை பார்த்தனர். அவ்வரங்கு பொதுமக்களுக்குத் திறக்கப்படாமலேயே மூடப்பட்டது. எனினும் ஆசிரியரும் மாணவரும் பகைவராகவில்லை என்பதை இவ்விடத்தில் மனத்தில் கொள்ள வேண்டும். முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் இவ்வுறவு மீண்டும் வருகிறது.

கவிஞரின் கூத்துமேடை

1906இல் நடிகை வேரா கொமிஸர்ஷேவ்ஸ்கயா தம் பீட்டர்ஸ்பர்க் அரங்கிற்கு மேயர்ஹோல்டை இயக்குநராக அழைத்தார். அவ்வாண்டின் இறுதியில் அங்கே மேடையேறியது பிளாக்கின் 'சந்தைக் கூத்துமேடை'. கவிஞர் ஒருவர் எழுதிய அச்சிறு நாடகம் மேயர்ஹோல்டின் பாதையை முடிவு செய்தது. மேடைக்குள் இன்னொரு சிறு மேடை. அதன் கயிறுகளும் திரைகளும் பார்வையாளர் கண்ணெதிரே இயங்கின. துயரக் கோமாளியான பியரோ வேடத்தில் மேயர்ஹோல்டே நடித்தார். ஒரு சாரார் கைதட்ட, மற்றொரு சாரார் சீழ்க்கையடித்தனர். 'இது மேடை, இங்கு நடப்பது ஆட்டம்' என்பதை மறைக்காமல் உரைக்கும் அரங்கினை அவர் அன்று கண்டுகொண்டார். சந்தைத் திடலில் ஆடும் கூத்தாடியே நடிகனின் மூதாதை என்பது அன்றுமுதல் அவர் கொள்கை.

கொமிஸர்ஷேவ்ஸ்கயா தம் இயக்குநரின் போக்கு நடிகரைப் பொம்மையாக்குகிறது என்று கருதி 1907இல் அவரை நீக்கினார். வியக்கத்தக்க வகையில், அடுத்த ஆண்டே பேரரசின் அரசவை அரங்குகள் அவரை ஏற்றுக்கொண்டன. பகலில் அலெக்சாந்திரின்ஸ்கி, மரீன்ஸ்கி அரங்குகளின் மதிப்புமிக்க இயக்குநர். மற்ற வேளைகளில் 'டாக்டர் தபெர்தூத்தோ' என்ற புனைபெயரில் சிறு கூடங்களில் சோதனைகள் செய்பவர். ஜெர்மானிய எழுத்தாளர் ஹோஃப்மனின் கதையிலிருந்து எடுத்த பெயர் அது. இத்தாலிய முகமூடிக் கூத்து, ஸ்பானிய நாடகம், கீழைநாட்டு அரங்கு என யாவற்றையும் அவர் பயின்றது இக்காலத்தில்தான்.

அரசவைக் காலத்தின் உச்சம் லெர்மந்தவின் 'முகமூடி நடனம்'. ஓவியர் கோலொவின் அதற்கென வரைந்த படங்கள் ஆயிரக்கணக்கானவை. பல ஆண்டுகள் உருவான அந்நாடகம் 1917ஆம் ஆண்டு பழைய நாட்காட்டிப்படி பிப்ரவரி 25 அன்று அரங்கேறியது. தெருவில் புரட்சி தொடங்கிவிட்டது. அரங்கினுள் பொன் வேலைப்பாடுகளுக்கு இடையே ஒரு பழைய உலகத்தின் சாவு நடிக்கப்பட்டது. சில நாட்களில் சார் மன்னர் முடி துறந்தார்.

புரட்சியின் மேடை

பேரரசின் சம்பளம் பெற்றுவந்தவர், 1918இல் போல்ஷெவிக் கட்சியில் உறுப்பினரானார். முதன்மையான நாடகக் கலைஞர்களில் அவ்வளவு விரைவில் கட்சியில் சேர்ந்தவர் மிகச் சிலரே. அக்டோபர்ப் புரட்சியின் முதலாண்டு நிறைவில், 1918 நவம்பர் 7 அன்று, மாயகோவ்ஸ்கியின் 'மிஸ்டீரியா பூஃப்' நாடகத்தைப் பெத்ரோகிராதில் மேடையேற்றினார். அரங்க அமைப்பு ஓவியர் மலேவிச்சினுடையது. நடிகர் குறைந்தபோது கவிஞரே வேடங்களை ஏற்றார்.

அடுத்த ஆண்டு காசநோய்ச் சிகிச்சைக்காகத் தென்பகுதி சென்றவர், உள்நாட்டுப் போரில் வெள்ளைப்படையினரிடம் சிக்கிச் சில மாதங்கள் நவரசீஸ்க் சிறையில் இருந்தார். செஞ்சேனை அந்நகரைக் கைப்பற்றிய பின் விடுதலை. 1920இல் கல்வி அமைச்சர் லூனச்சார்ஸ்கி அவரை மாஸ்கோவுக்கு அழைத்து, நாடு முழுவதற்குமான நாடகத் துறையின் தலைமையைத் தந்தார்.

இங்கேதான் இவ்வாழ்க்கை வரலாற்றைச் சற்று நின்று நோக்க வேண்டும். 'அரங்கின் அக்டோபர்' என்று அவர் முழங்கினார். படைவீரர் தொப்பியும் முழங்கால் காலணியும் அணிந்து அலுவலகத்தில் அமர்ந்தார். அரங்குகளுக்குப் பெயர் வேண்டா, எண் போதும் என்று தம் அரங்கிற்கு 'உருசிய சோவியத்து அரங்கு எண் 1' எனப் பெயரிட்டார். பழைய அரங்குகள் காலாவதியானவை. அரசின் ஆற்றலைக் கொண்டே அவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்பது அவர் நிலை. லூனச்சார்ஸ்கி உடன்படவில்லை. கலை அரங்கு, மாலி அரங்கு முதலியவற்றை மேயர்ஹோல்டின் அதிகாரத்திலிருந்து விலக்கிக் காப்பாற்றினார். 1921இன் தொடக்கத்தில் மேயர்ஹோல்ட் பதவி துறந்தார். கலைக்குள் நடந்த வழக்கில் தீர்ப்புக் கூறுமாறு அரசை அழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் அன்று கேட்ட தீர்ப்பு பதினேழு ஆண்டுகள் கழித்து அவர் மீதே கூறப்பட்டது. இதனை மறைத்துவிட்டு அவருக்குப் புகழ்மாலை சூட்டுவது வரலாறு ஆகாது.

அதே வேளையில் அம்முழக்கத்தில் பொய் இல்லை என்பதும் உண்மை. 1920 நவம்பரில் பெல்ஜியக் கவிஞர் வெர்ஹாரனின் 'விடியல்கள்' மேடையேறியது. சூடேற்ற விறகு இல்லாத பாழடைந்த கூடம். மக்கள் மேற்சட்டையோடும் தொப்பியோடும் அமர்ந்திருந்தனர். கிரிமியாவின் பெரகோப்பினைச் செஞ்சேனை கைப்பற்றிய செய்தி வந்தபோது, நாடகத்தில் வரும் தூதன் அச்செய்தியையே மேடையில் படித்தான். நாடகம் எது, நாட்டு நடப்பு எது என்ற வரம்பு அழிந்தது. அந்த நொடியை மேயர்ஹோல்ட் தம் அரங்கின் வெற்றியாகக் கருதினார்.

உடலின் யாப்பு

மேயர்ஹோல்டின் பெயரோடு என்றும் இணைந்திருக்கும் சொல் 'பயோமெக்கானிக்ஸ்'. 1921 முதல் மாஸ்கோவில் இளைஞர்களுக்கு அவர் அளித்த நடிப்புப் பயிற்சியின் பெயர் இது. பின்னாளில் திரைப்பட மேதையான ஐசன்ஸ்டீன் அம்மாணவர்களுள் ஒருவர்.

நம் இலக்கண மரபில் மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் அக்காலத்தில் நடிகன் உணர்வை உள்ளே தேடிப் பின் வெளிக்கொணர வேண்டும் என்றே கற்பித்தார். மேயர்ஹோல்ட் வரிசையைத் திருப்பினார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸின் கருத்து அவருக்குத் துணைநின்றது. கரடியைக் கண்டு அஞ்சுவதால் மனிதன் ஓடுகிறான் என்பதைவிட, ஓடுவதால் அஞ்சுகிறான் என்பதே பொருத்தம் என்பது அக்கருத்து. ஆகவே நடிகன் முதலில் உடலைச் சரியான நிலையில் இயக்கட்டும்; உணர்வு தானே பின்தொடரும்; பார்வையாளனிடமும் அது தோன்றும்.

இதற்கென அவர் வகுத்த பயிற்சிகள் 'அம்பெய்தல்', 'கல்லெறிதல்', 'கன்னத்தில் அறைதல்', 'கத்தியால் குத்துதல்' போன்றவை. ஒவ்வோர் அசைவும் மூன்று உறுப்புகளை உடையது. அடிக்க ஓங்கும் கை முதலில் பின்னோக்கிச் செல்லும், இது மறுப்பு. அடுத்தது செயல். மூன்றாவது, செயல் முடிந்து நிற்கும் நிலை. முன்னே செல்வதற்குமுன் பின்வாங்கும் அந்தக் கணத்தில்தான் பார்வையாளனின் எதிர்பார்ப்பு பிறக்கிறது. யாப்பறிந்த கவிஞர்களுக்கு இது புதிதன்று. அசை சீராகி, சீர் அடியாகும்போது ஓசை எங்கே நின்று எங்கே பாய வேண்டும் என்பதை அவர்கள் அறிவர். நடிகனின் உடலுக்கும் அத்தகைய யாப்பு உண்டு என்று மேயர்ஹோல்ட் காட்டினார். யாப்புக்குள் நிற்பவனுக்கே விடுதலை என்பதும் அவர் கருத்து.

இப்பயிற்சியின் முதற்கனி, 1922 ஏப்ரல் 25இல் அரங்கேறிய குரொம்லின்கின் 'பெருந்தன்மைக் கணவன்'. திரை இல்லை, ஓவியத் திரைச்சீலைகளும் இல்லை. மேடையின் பின்சுவர்ச் செங்கல் அப்படியே தெரிந்தது. நடுவில் ஓவியர் லியுபோவ் பப்போவா அமைத்த மரக்கட்டுமானம்: படிகள், சறுக்குப் பலகை, சுழல்கதவு, காற்றாலைச் சிறகுகள், சக்கரங்கள். நடிகர் அனைவருக்கும் தொழிலாளர் அணியும் நீல உடை. பொறாமை கொண்ட கணவனின் மனம் கொதிக்கும்போது சக்கரங்கள் விரைந்து சுழன்றன. மனத்தின் நிலையை மரமும் சக்கரமும் உரைத்தன. இகார் இலின்ஸ்கியும் மரியா பபானவாவும் அவ்விரவில் புகழ்பெற்றனர். விறகுப் பஞ்சம் நிலவிய நகரில், ஏழ்மையே அழகியலாக மாறியது.

'அரசு ஆய்வாளர்'

1922இல் மேயர்ஹோல்ட் நடிகை ஜினைடா ராய்ஹை மணந்தார். அவர் முன்னர்க் கவிஞர் எசெனினின் மனைவி. எசெனினுக்குப் பிறந்த தத்யானா, கன்ஸ்தந்தீன் என்னும் இரு குழந்தைகளையும் மேயர்ஹோல்ட் தம் மக்களாகவே ஏற்றார். அடுத்த ஆண்டு அவர் அரங்கு அவர் பெயராலேயே வழங்கத் தொடங்கியது. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை அரங்கிற்குச் சூட்டுவது பெரும் மதிப்பு. 1924இல் ஆஸ்த்ரோவ்ஸ்கியின் 'காடு' நாடகத்தை முப்பத்துமூன்று காட்சித் துண்டுகளாக வெட்டி அமைத்தார். துண்டுகளை மோதவிட்டுப் பொருள் காணும் இம்முறைக்கும் ஐசன்ஸ்டீனின் திரைப்படத் தொகுப்பு முறைக்கும் உள்ள உறவு வெளிப்படை.

1926 டிசம்பர் 9 அன்று அரங்கேறிய கோகோலின் 'அரசு ஆய்வாளர்' அவருடைய தலைசிறந்த படைப்பு எனப் பலராலும் கொள்ளப்படுகிறது. மெருகேற்றிய செம்மரம் போல ஒளிரும் வளைந்த சுவர். அதில் பதினைந்து கதவுகள். அவை திறந்ததும் ஒரு சிறு மேடை உருண்டு முன்வரும். அச்சிறு பரப்பில் பல மனிதர்களும் அறைகலன்களும் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். அகன்ற மேடை இருக்க, ஒரு கையளவு இடத்தில் ஊரின் ஊழல் முழுவதும் அடைந்து கிடந்தது. கையூட்டுக் காட்சியில் மனிதர்கள் வரவில்லை. எல்லாக் கதவுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பண உறையோடு கைகள் மட்டுமே நீண்டன. போலி ஆய்வாளராக எராஸ்த் காரினும், நகரத் தலைவரின் மனைவியாக ராய்ஹும் நடித்தனர்.

கோகோல் தம் நாடகத்தை மௌனக் காட்சியோடு முடிக்கிறார். உண்மையான ஆய்வாளர் வந்துவிட்டார் என்ற செய்தி கேட்டு அனைவரும் உறைந்து நிற்க வேண்டும். மேயர்ஹோல்டின் மேடையில் ஒரு வெண்திரை எழுந்தது. அது விலகியபோது அங்கே நின்றவர்கள் நடிகர்கள் அல்லர். அவர்கள் உருவில் செய்யப்பட்ட ஆளுயரப் பொம்மைகள். முதலில் பார்வையாளருக்கு அது புலப்படவில்லை. புலப்பட்டபோது கூடம் நடுங்கியது. நூறாண்டுக்கு முந்தைய உருசியாவைப் பற்றிய நாடகம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மேலிடத்து ஆய்வாளருக்கு அஞ்சி மனிதர் பொம்மையாவது, அடுத்த பத்தாண்டில் அந்நாட்டின் அன்றாட நிகழ்ச்சியாயிற்று.

மாயகோவ்ஸ்கியின் இறுதி நாட்கள்

1929 பிப்ரவரியில் மாயகோவ்ஸ்கியின் 'மூட்டைப்பூச்சி' மேடையேறியது. இசை இருபத்திரண்டு வயது ஷோஸ்டகோவிச்சினுடையது. அவர் முந்தைய ஆண்டு மேயர்ஹோல்டின் வீட்டிலேயே தங்கி அரங்கில் பியானோ வாசித்தவர். பனியில் உறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உயிர்பெறும் ஓர் அற்பனின் கதை மக்களைச் சிரிக்க வைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த 'குளியல் கூடம்' சோவியத்து அலுவலகத்தின் அதிகாரியையே குறிவைத்தது. பாட்டாளி எழுத்தாளர் சங்கத்துத் திறனாய்வாளர்கள் சீறினர். அரங்கில் தொங்கிய முழக்கத் தட்டிகளுள் ஒன்று, அத்திறனாய்வாளர்களுள் ஒருவரை எள்ளியது. சங்கத்தார் வற்புறுத்தியதால் கவிஞர் அதனைக் கழற்றினார். 1930 ஏப்ரல் 14 அன்று அவர் தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டபோது, விட்டுச்சென்ற கடிதத்தில் அத்தட்டியைக் கழற்றியதற்கு வருந்தியிருந்தார். ஒரு வரியை நீக்கியது கவிஞனுக்கு எவ்வளவு பெரிய வலி என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மேயர்ஹோல்ட் தம் உண்மையான நாடக ஆசிரியரை இழந்தார். எஞ்சியிருந்தவர் நிக்கலாய் எர்த்மன். அவருடைய 'தற்கொலையாளன்' 1932இல் ஒத்திகையிலேயே தடுக்கப்பட்டது. புதிய நாடகங்கள் இல்லாமல் அரங்கு பழைய இலக்கியங்களை நாடியது. 1930இல் ஐரோப்பியப் பயணத்தின்போது, பெர்லினில் வாழ்ந்த நடிகர் மிகாயில் செகாவ், நாடு திரும்பினால் கொடிய முடிவு நேரும் என்று அவரை எச்சரித்தார். மேயர்ஹோல்ட் அதனை மறுக்கவில்லை. ஆயினும் திரும்புவேன் என்றார். நேர்மை ஒன்றையே அதற்குக் காரணமாகக் கூறியதாகச் செகாவ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

அயலரங்கு

1930களில் சோஷலிச யதார்த்தவாதம் ஒன்றே நெறி என்றானது. வடிவச் சோதனை யாவும் 'வடிவவாதம்' என்ற குற்றமாயிற்று. 1936 ஜனவரியில் 'பிராவ்தா' நாளேடு ஷோஸ்டகோவிச்சின் இசைநாடகத்தைத் தாக்கியது. பலர் வாய்மூடியிருந்த அவ்வேளையில், மார்ச்சு மாதம் லெனின்கிராதில் ஆற்றிய உரையில் மேயர்ஹோல்ட் ஷோஸ்டகோவிச்சைப் போற்றிப் பேசினார். அவ்வாண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட 'சோவியத்து ஒன்றிய மக்கள் கலைஞர்' பட்டியலில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இருந்தார், மேயர்ஹோல்ட் இல்லை.

1937 டிசம்பர் 17 அன்று கலைக் குழுத் தலைவர் கெர்ஷென்த்சேவ் எழுதிய கட்டுரை 'பிராவ்தா'வில் வெளிவந்தது. அதன் தலைப்பு 'அயலரங்கு'. புரட்சியின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கென ஒரு நாடகம்கூடத் தராத அரங்கு என்பது முக்கியக் குற்றச்சாட்டு. புரட்சியின் முதலாண்டு நிறைவைக் கொண்டாடியவர் எதிர்கொண்ட குற்றச்சாட்டு இது. அரங்கினுள் நடந்த கூட்டங்களில் அவரால் ஆளானவர்களே எழுந்து அவரைக் குறைகூறினர். 1938 ஜனவரி 8 அன்று அரங்கு மூடப்பட்டது. அவர் கனவு கண்டு கட்டுவித்துக்கொண்டிருந்த புதிய கட்டடம் பிறகு சைக்கோவ்ஸ்கி இசைக்கூடமாக மாற்றப்பட்டது. இன்றும் மாஸ்கோவில் அது நிற்கிறது.

எல்லோரும் விலகியபோது கைகொடுத்தவர், எழுபத்தைந்தை நெருங்கிய, நோயுற்ற ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. கலைக்கொள்கையில் நேர் எதிரான அம்மாணவரைத் தம் இசைநாடக அரங்கிற்கு அழைத்துப் பணி தந்தார். அக்காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கும் செயல். 1938 ஆகஸ்டு 7 அன்று அவர் மறைந்தார். தமக்குப்பின் மேயர்ஹோல்டைக் காக்குமாறு அவர் வேண்டிக்கொண்டதாக உடனிருந்தோர் குறித்துள்ளனர். கொள்கை வேறு, மனிதம் வேறு என்பதை அம்முதியவர் காட்டிச் சென்றார்.

புனைவும் பதிவும்

1939 ஜூன் 15 அன்று, மாஸ்கோவில் கூடிய அனைத்து ஒன்றிய இயக்குநர் மாநாட்டில் மேயர்ஹோல்ட் பேசினார். அவ்வுரையைப் பற்றி ஒரு வீரக்கதை நெடுங்காலம் உலவியது. ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே, கலையை நீங்கள் கொன்றுவிட்டீர்கள் என்று அவர் முழங்கியதாக, புலம்பெயர்ந்த இசைக்கலைஞர் யூரி எலாகின் 1955இல் வெளியிட்ட நூல் வழி அது பரவியது. பின்னர் வெளிவந்த சுருக்கெழுத்துப் பதிவில் அம்முழக்கம் இல்லை. அதில் இருப்பது தம் தவறுகளை ஒப்புக்கொண்டு, தலைவருக்கு நன்றி கூறி, பணியாற்ற வாய்ப்புக் கேட்கும் அறுபத்தைந்து வயது முதியவரின் பேச்சு.

வீரக்கதை பொய்த்தது என்று வருந்த வேண்டியதில்லை. அடுத்து நிகழ்ந்தவற்றை நோக்கும்போது மெய்யான துணிவு எங்கே வெளிப்பட்டது என்பது தெரியும். மாநாட்டுக்குப்பின் ஓர் உடற்பயிற்சி அணிவகுப்பை அமைத்துத் தருவதற்காக லெனின்கிராது சென்றவர், ஜூன் 20 அன்று கைது செய்யப்பட்டார். ஜூலை நடுவில் ஓரிரவு, மாஸ்கோ வீட்டினுள் புகுந்தவர்கள் ஜினைடா ராய்ஹைக் கத்தியால் பலமுறை குத்திக் கொன்றனர். அக்கொலை ஏற்கத்தக்க வகையில் என்றும் விளக்கப்படவில்லை.

சிறையில் மேயர்ஹோல்ட் பிரிட்டன், ஜப்பான் நாடுகளின் ஒற்றர் என்றும் திரொத்ஸ்கியவாதி என்றும் ஒப்புக்கொள்ளும்படி வதைக்கப்பட்டார். வலி தாங்காமல் கையொப்பமிட்டார். நண்பர்கள் பலரின் பெயரையும் உரைத்தார். ஆனால் 1940 ஜனவரியில், அரசுத் தலைமை அமைச்சர் மோலத்தோவுக்குச் சிறையிலிருந்தே விண்ணப்பங்கள் எழுதினார். தரையில் குப்புறக் கிடத்தி, ரப்பர் வாரினால் உள்ளங்காலிலும் முதுகிலும் அடித்ததையும், அடிபட்டு நிறம் மாறிய இடங்களிலேயே மறுபடி அடித்ததையும் அவற்றில் விவரித்தார். அச்சத்தாலும் வலியாலும் கூறியவை யாவும் பொய் என்று மறுத்தார். பிறர்மீது சொன்னவற்றையும் திரும்பப் பெற்றார். கேட்பார் யாருமில்லாத அறையில், பயன் ஏதும் விளையாது என்று தெரிந்திருக்கக்கூடிய நிலையில், தம் நண்பர்களைக் காக்க எழுதிய எழுத்து அது. மாநாட்டு மேடையில் இல்லாத வீரம் அங்கே இருக்கிறது.

பிப்ரவரி முதல் நாள், உல்ரிஹ் தலைமையிலான இராணுவ நீதிக்குழு முன் குற்றத்தை மறுத்தார். மறுநாள், 1940 பிப்ரவரி 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சாம்பல் தன்ஸ்கோய் இடுகாட்டின் பொதுக்குழியில் சேர்க்கப்பட்டது. குடும்பத்தாருக்கு உண்மை கூறப்படவில்லை. இறந்த ஆண்டு 1942 என்ற பொய்யே பிறகு தரப்பட்டது.

காத்தவர்கள்

அரங்கக் கலை அழியக்கூடியது என்று தொடக்கத்தில் கூறப்பட்டது. மேயர்ஹோல்டின் கலை அழியாமல் நின்றதற்குச் சில மனிதர்கள் காரணம். வளர்ப்பு மகள் தத்யானா எசெனினா, தாய் கொல்லப்பட்ட துயரினிடையிலும் தந்தையின் கையெழுத்துத் தாள்களையும் ஒத்திகைக் குறிப்புகளையும் ஊர்ப்புற வீட்டில் மறைத்தார். போர்க்காலத்தில் அவற்றை ஏற்றுத் தம் வீட்டில் ஒளித்து வைத்தவர் ஐசன்ஸ்டீன். பிடிபட்டிருந்தால் புகழ் அவரைக் காத்திருக்காது. 1955இல் வழக்கை மீளாய்வு செய்த இளம் அரசு வழக்குரைஞர் ரியாஷ்ஸ்கி, மேயர்ஹோல்ட் யார் என்பதையே அப்போதுதான் அறியத் தொடங்கினார். பாஸ்டர்நாக், ஷோஸ்டகோவிச் முதலியோர் சான்றுரை தந்தனர். அவ்வாண்டு நவம்பர் 26 அன்று அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டது. பேத்தி மரியா வலென்தேய் தம் வாழ்நாளைத் தாத்தாவின் நினைவைக் காக்கவே செலவிட்டார்.

மாணவர் வலெந்தீன் புலூச்செக் 1950களில் 'குளியல் கூடம்', 'மூட்டைப்பூச்சி' ஆகியவற்றை மாஸ்கோ அங்கத அரங்கில் மீண்டும் மேடையேற்றினார். நிக்கலாய் குஸ்தோவ் என்னும் பழைய நடிகர், தம் உடலில் தேக்கி வைத்திருந்த பயோமெக்கானிக்ஸ் பயிற்சிகளை 1970களில் இளைஞர்களுக்குக் கற்பித்தார். ஏட்டில் எழுதாத இலக்கணம் ஒருவர் உடலிலிருந்து மற்றவர் உடலுக்குச் சென்றது. தகான்கா அரங்கின் முகப்பில் இயக்குநர் லியூபிமோவ், ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் படத்தோடு மேயர்ஹோல்டின் படத்தையும் மாட்டினார்.

முடிவாகச் சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். வடிவம் என்பது உள்ளடக்கத்தின் மேற்பூச்சு அன்று; அதுவே பொருளைத் தோற்றுவிக்கும் என்பதைத் தம் மேடையில் மெய்ப்பித்தவர் மேயர்ஹோல்ட். கதவுகளிலிருந்து நீண்ட கைகளும், உயிரற்று நின்ற பொம்மைகளும் எந்த வசனத்தையும்விட அதிகம் பேசின. இது கவிதைக்கும் பொருந்தும். இரண்டாவது, கலைஞன் தன் எதிர்த்தரப்புக் கலைஞனை வீழ்த்த அரசின் கையை நாடினால், அக்கை தன்னையும் ஒருநாள் தேடிவரும். இலக்கிய இயக்கங்கள் தம்முள் மோதிக்கொள்ளும் எக்காலத்துக்கும் இப்பாடம் உரியது. மூன்றாவது, அப்பிழையைச் செய்த மனிதரே, கேட்பாரற்ற இருட்டறையில் உண்மையை எழுதி வைத்தார். அவருடைய எதிர்நெறி ஆசான் அவருக்குக் கதவு திறந்தார். மகளும் மாணவரும் தாள்களைக் காத்தனர். கலையின் வரலாறு மேதைகளால் மட்டும் ஆனதன்று. தாள்களை மறைத்து வைத்த இத்தகைய கைகளாலும் ஆனது அது. பத்தாண்டுகளாகப் படைப்புகளைப் படித்தும் கேட்டும் பேணியும் வரும் இதுபோன்ற வட்டங்களின் பணியும் அவ்வகையினதே.